30 ரூபாய் நிரந்தர வேலையா, 75 ரூபாய் தற்காலிக வாய்ப்பா? கணிதமேதை ராமானுஜன் எடுத்த முடிவும் கொடுத்த விலையும்

வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆச்சு. அதற்குள் வேறொரு இடத்திலிருந்து அழைப்பு வருகிறது. வருமானம் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் நிரந்தரம் கிடையாது, இரண்டே வருஷம்தான். வீட்டில் அம்மா, பாட்டி, இப்போதுதான் கூட வந்து குடித்தனம் நடத்தும் இளம் மனைவி. இருக்கிற வேலையை விடலாமா, வேண்டாமா?

பண்ருட்டி, நெய்வேலி பக்கம் பல வீடுகளில் இன்றைக்கும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஓடுகிற பேச்சு இது. நிரந்தர வேலைக்கு ஊரில் இருக்கிற மரியாதையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். சென்னையிலோ ஓசூரிலோ ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஐடி கார்டு கையில் வந்த சூடு ஆறுவதற்குள் அடுத்த கம்பெனியின் மெயில் வந்துவிடுகிறது. அப்பா இரு என்கிறார், நண்பர்கள் போ என்கிறார்கள்.

1913ஆம் ஆண்டு சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த 25 வயது இளைஞர் ஒருவர் முன்னும் இதே கேள்வி வந்து நின்றது. அவர்தான் சீனிவாச ராமானுஜன். உலகம் கொண்டாடும் கணிதமேதை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தவர். ஆனால் அவர் வாழ்க்கையில் 1910 முதல் 1914 வரையான நான்கு ஆண்டுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், அது ஒரு வேலை தேடும் இளைஞனின் கதை. ஒவ்வொரு முறையும் எதை விட்டார், எதைப் பிடித்தார், யாரைக் கேட்டார்? விரிவாகப் பார்க்கலாம்.

பண்ருட்டி வழியாகப் போன ரயில்

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மா வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாட்டுப் பாடியும், படிக்க வந்த மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டும் குடும்பத்தை ஓட்டினார்.

பள்ளியில் கணக்கில் முதல் பரிசு. அதை வைத்துக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆனால் கணக்கைத் தவிர வேறு எதையும் அவர் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் தோல்வி, உதவித்தொகை போச்சு. 1905ல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடியும் போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தோல்விதான். பட்டம் இல்லை.

1909 ஜூலையில் ஜானகியோடு கல்யாணம். அவருக்கு அப்போது 10 வயது. அந்தக் கால வழக்கப்படி உடனே குடித்தனம் கிடையாது. ஆனால் கல்யாணம் ஆன ஆண்பிள்ளை சம்பாதிக்க வேண்டுமே? கையில் காசில்லை, பட்டமும் இல்லை. இருந்தது சூத்திரங்கள் நிரம்பிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும்தான்.

1910ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த நோட்டுகளோடு கும்பகோணத்தில் ரயில் ஏறினார். மாயவரம், சிதம்பரம், கடலூர், பண்ருட்டி வழியாக விழுப்புரம் போகும் பாதை அது. இன்றைக்கும் பண்ருட்டி மக்கள் பயன்படுத்துகிற அதே மெயின் லைன்தான். நெய்வேலியில் சுரங்கமோ டவுன்ஷிப்போ இல்லாத காலம். விழுப்புரத்தில் இறங்கி வேறு ரயில் மாறி அவர் போய்ச் சேர்ந்த ஊர் திருக்கோவிலூர். அன்று அதுவும் பண்ருட்டியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம்.

திருக்கோவிலூரில் கேட்ட வேலை என்ன?

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசுவாமி ஐயர். அரசு அதிகாரியாக இருந்தாலும் கணக்கின் மேல் தீராத ஆசை கொண்டவர். 1907ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். அதனால்தான் ராமானுஜன் அவரைத் தேடிப் போனார்.

கேட்டது பெரிய உதவி ஒன்றும் இல்லை. தாலுகா அலுவலகத்திலோ நகராட்சியிலோ ஒரு குமாஸ்தா வேலை. டெபுடி கலெக்டர் மனசு வைத்தால் அன்றைக்கே முடிந்துவிடக் கூடிய காரியம்.

ராமசுவாமி ஐயர் நோட்டுகளைப் புரட்டினார். பிறகு வேலை தர மறுத்துவிட்டார். இந்த மாதிரி ஒரு ஆளை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்தால், அந்தத் திறமை அங்கேயே செத்துப்போகும் என்பது அவர் எண்ணம். ஆனால் வெறும் கையோடு அனுப்பவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த பேராசிரியர் பி.வி.சேஷு ஐயருக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சேஷு ஐயர், கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர்.

யோசித்துப் பாருங்கள். அன்று அந்த வேலை கிடைத்திருந்தால், ராமானுஜன் தென்னார்க்காடு மாவட்டத்தில் பட்டா, கிஸ்தி கணக்கு எழுதும் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றிருக்கலாம். பட்டினியாக வந்த இளைஞனுக்கு வேலை இல்லை என்று சொல்வது கொடுமை போலத் தெரியும். அடுத்த கதவைக் காட்டிவிட்டுச் சொன்னதால்தான் அது உதவியாக மாறியது.

சும்மா வந்த 25 ரூபாய் ஏன் பிடிக்கவில்லை?

சேஷு ஐயர் மூலமாக நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவைச் சந்தித்தார் ராமானுஜன். அவரும் கணித ஆர்வலர். முதலில் அவருக்குச் சந்தேகம். நோட்டுகளில் இருந்த விஷயத்தைப் படிப்படியாகக் கேட்ட பிறகு நம்பிக்கை வந்தது. வேலையெல்லாம் வேண்டாம், கணக்கு மட்டும் போடு என்று சொல்லி, மாதம் 25 ரூபாயைத் தன் சொந்தப் பணத்திலிருந்து அனுப்ப ஆரம்பித்தார்.

சும்மா இருந்தாலே 25 ரூபாய். அப்பாவின் சம்பளத்தைவிட அதிகம். 1911ல் இந்தியக் கணிதக் கழக இதழில் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. பெர்னூலி எண்களைப் பற்றிய கட்டுரை அது.

ஆனாலும் அடுத்தவர் பணத்தில் வாழ்வது அவருக்கு ஒட்டவில்லை. 1912 ஜனவரியில் சென்னை தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் தற்காலிக வேலையில் சேர்ந்தார். சம்பளம் 20 ரூபாய். இனாமாக வந்ததைவிட 5 ரூபாய் குறைவு! ஆனால் அது அவர் உழைத்துச் சம்பாதித்த காசு.

அந்த வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே அவர் அடுத்த வேலைக்கு மனு போட்டுவிட்டார். 1912 பிப்ரவரி 9 தேதியிட்ட மனு அது. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தா பணி. மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரையும் சேர்த்து அனுப்பப்பட்டது. கையில் இருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேதான் அடுத்த நாற்காலிக்கு விண்ணப்பித்தார்.

துறைமுக வேலை: ஒரு குமாஸ்தாவின் நாள்

1912 மார்ச் 1. ராமானுஜன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை குமாஸ்தா. கணக்குப் பிரிவு. மாதம் 30 ரூபாய். தொடர்ந்து இருக்கக்கூடிய வேலை. எஃப்.ஏ. தேறாத ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இங்கே அவருக்கு அமைந்த மேலதிகாரிகள்தான் பெரிய அதிர்ஷ்டம். தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தில் பொறுப்பில் இருந்தவர். துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். பகலில் அலுவலகக் கணக்கு. அதைச் சீக்கிரம் முடித்துவிட்டால் மீதி நேரம் சொந்தக் கணக்கு. இரவில் நாராயண ஐயர் வீட்டில் சிலேட்டு வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். எழுதத் தாள் வாங்கக் காசு போதாமல், பார்சல் சுற்றி வந்த தாள்களைக்கூட ராமானுஜன் பொறுக்கி வைத்துக்கொண்டார்.

1912ன் பிற்பகுதியில் ஜானகியும் அம்மாவும் சென்னைக்கு வந்தார்கள். ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவில் குடித்தனம். ஒரு நடுத்தரக் குடும்பம் எதைக் கேட்குமோ அதெல்லாம் கிடைத்துவிட்டது. வாடகை வீடு, மாதச் சம்பளம், நல்ல மேலதிகாரி.

இந்த நிலையில்தான் கதை திரும்புகிறது.

ஒரு கடிதம், ஒரு வானிலை விஞ்ஞானி

1913 ஜனவரி 16 அன்று ராமானுஜன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதப் பேராசிரியர் ஜி.எச்.ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்திருந்தார். இதற்கு முன் வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கு எழுதியும் பலன் இல்லை. ஹார்டியும் அவருடைய சக பேராசிரியர் லிட்டில்வுட்டும் ஓர் இரவு உட்கார்ந்து பார்த்தார்கள். இது ஏமாற்று வேலை இல்லை, அசல் மேதையின் கை என்று புரிந்தது. பிப்ரவரி 8 தேதியிட்டுப் பதில் கிளம்பியது.

அந்தப் பதில் கடலில் வந்துகொண்டிருந்தபோதே சென்னையில் இன்னொன்று நடந்தது. இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர், பிப்ரவரி 25 அன்று துறைமுகத்துக்கு வந்தார். பருவமழையை ஆராய்ந்த புகழ்பெற்ற விஞ்ஞானி. அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ஸ்பிரிங் தன் குமாஸ்தாவின் நோட்டை அவரிடம் காட்டினார். அடுத்த நாளே வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இந்த இளைஞர் சில ஆண்டுகளாவது சோற்றுக் கவலை இல்லாமல் கணிதம் மட்டும் செய்ய வழி செய்யுங்கள் என்பது அதன் சாரம்.

பல்கலைக்கழகத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். ராமானுஜனிடம் இளங்கலைகூட இல்லை. பேராசிரியர்கள் வாதாடினார்கள். ஏப்ரலில் சிண்டிகேட் சிறப்பு அனுமதி கொடுத்தது. மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை தர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

இப்போது நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம். இந்தப் பக்கம் 30 ரூபாய், ஓய்வு பெறும் வரை ஓடக்கூடிய வேலை. அந்தப் பக்கம் 75 ரூபாய், 24 மாதம் மட்டும்.

சாதாரணக் கூட்டல் கணக்கு இது. துறைமுகத்திலேயே இருந்தால் 24 மாதத்தில் கிடைப்பது 720 ரூபாய். உதவித்தொகையை எடுத்தால் 1,800 ரூபாய். வித்தியாசம் 1,080 ரூபாய். அதாவது 30 ரூபாய் சம்பளத்தில் 36 மாதச் சம்பளம். செலவைக் கூட்டாமல் பழைய மாதிரியே வாழ்ந்தால், இரண்டு ஆண்டு முடிந்து வேலை எதுவும் கிடைக்காவிட்டாலும் மேலும் மூன்று ஆண்டு தாக்குப்பிடிக்கலாம். தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டதும் வருகிற பயம், எழுதிக் கணக்குப் போட்டதும் பாதியாகிவிடுகிறது.

பணம் போக இன்னொரு விஷயமும் உண்டு. துறைமுகத்தில் அவருக்குக் கணிதம் என்பது மிச்ச நேரத்து வேலை. உதவித்தொகையில் கணிதமே வேலை. ஒரு நாளின் நல்ல மணி நேரங்கள் எதற்குப் போகின்றன என்பதுதான் இங்கே பெரிய மாற்றம்.

இந்த மாற்றத்துக்குக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் அவருடைய பழைய அலுவலகத்தின் மேலதிகாரிகளே. ஒளித்து மறைத்து வேலை தேடி, கடைசி நாளில் ராஜினாமாவை நீட்டவில்லை ராமானுஜன். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது ஸ்பிரிங்குக்கும் நாராயண ஐயருக்கும் முதலிலிருந்தே தெரியும். நல்ல குமாஸ்தாவை இழக்கிறோமே என்று அவர்கள் தடுக்கவில்லை, தள்ளிவிட்டார்கள்.

1913 மே 1 முதல் ராமானுஜன் ஆராய்ச்சி மாணவர் ஆனார். துறைமுகத்தில் சேர்ந்து சரியாக 14 மாதங்கள். குடும்பம் திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவுக்கு மாறியது.

கேம்பிரிட்ஜ் வாய்ப்பை முதலில் ஏன் மறுத்தார்?

அதைவிடப் பெரிய வாய்ப்பும் அதே 1913ல் கதவைத் தட்டியது. ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கே வரவழைக்க நினைத்தார். சென்னையில் இருந்த கல்வி அதிகாரி ஒருவர் மூலமாகக் கேட்டும் பார்த்தார்கள். பதில், முடியாது.

காரணம் வீடு. கடல் தாண்டினால் சாதியிலிருந்து விலக்கி வைக்கும் காலம் அது. வைதீக வைணவக் குடும்பம். அம்மா சம்மதிக்கவில்லை. தூரத்து நாட்டில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, நல்லது கெட்டதுக்கு யார் இருப்பார்கள் என்ற கவலையும் உண்டு. ஹார்டிக்கு ஏமாற்றம். ஆனால் கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை.

1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இன்னொரு கணித அறிஞர் நெவில் சென்னைக்கு விரிவுரை ஆற்ற வந்தார். ராமானுஜனை எப்படியாவது அழைத்து வரும்படி ஹார்டி சொல்லி அனுப்பியிருந்தார். வாதாடத் தயாராக வந்த நெவிலுக்கு ஆச்சரியம். ராமானுஜன் மனம் ஏற்கெனவே மாறியிருந்தது. நாமக்கல் நாமகிரித் தாயார் அம்மாவின் கனவில் வந்து மகனைத் தடுக்காதே என்று சொன்னதாகக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. ராமானுஜனும் நாராயண ஐயரும் நாமக்கல் கோயிலுக்குப் போய் வந்ததாகவும் சொல்வார்கள். எப்படியோ, அம்மாவின் எதிர்ப்பு அடங்கியது.

முதல் முறை சொன்ன மறுப்பு, வாய்ப்பை மூடிவிடவில்லை என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. இன்றைக்கே பதில் சொல்லாவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நமக்குத் தோன்றும். உண்மையாகவே நம்மை வேண்டும் என்கிறவர்கள் ஒரு வருஷம் கழித்தும் கேட்பார்கள்.

வீட்டுக்கு 60 ரூபாய்: கிளம்பும் முன் செய்த ஏற்பாடு

இந்த முறை சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. கப்பல் செலவும், குளிர் தாங்கும் உடைகளுக்கான செலவும் தனி. அன்றைய மாற்று விகிதம் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். ஆக மாதம் 300 ரூபாய்க்கு மேல். துறைமுகச் சம்பளத்தைப் போல பத்து மடங்கு.

கப்பல் ஏறும் முன் ராமானுஜன் ஒரு ஏற்பாடு செய்தார். தன் உதவித்தொகையில் மாதம் 60 ரூபாயைப் பிடித்து, கும்பகோணத்தில் இருக்கும் பெற்றோருக்குப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். துறைமுகத்தில் அவர் வாங்கிய மொத்தச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. அங்கே போய்ப் பார்த்து அனுப்பிக்கொள்ளலாம் என்று விடவில்லை. வீட்டு அடுப்பு தன்னை நம்பி நிற்காதபடி முதலில் ஒரு வழி செய்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அம்மாவையும் ஜானகியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றிவிட்டார். குடுமியை எடுத்துக் கிராப் வெட்டி, கோட்டும் காலருமாக நிற்கும் கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். 1914 மார்ச் 17 அன்று எஸ்.எஸ். நேவாசா கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது.

அழைப்புக் கடிதத்தில் எழுதாத விஷயங்கள்

வேலை என்ற அளவில் பார்த்தால் இதைவிட நல்ல மாற்றம் இருக்க முடியாது. ஐந்து ஆண்டுகளில் ஹார்டியோடு சேர்ந்தும் தனியாகவும் ராமானுஜன் செய்த பணி, எண் கணிதத்தின் போக்கையே மாற்றியது. ஓர் உதாரணம். 4 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக 5 விதங்களில் எழுதலாம். 100ஐ எத்தனை விதங்களில் எழுதலாம்? 19,05,69,292 விதங்களில். ஒவ்வொன்றாக எண்ணாமல் இப்படிப்பட்ட எண்ணிக்கைகளை வியக்கத்தக்க துல்லியத்தோடு தரும் சூத்திரத்தை இருவரும் கண்டுபிடித்தார்கள். 1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. அந்தக் கல்லூரியில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

ஆனால் 250 பவுண்டு என்று எழுதிய கடிதத்தில் சில விஷயங்கள் எழுதப்படவில்லை. அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில், 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் வெடித்தது. லிட்டில்வுட் போர்ப் பணிக்குப் போனார். சைவச் சாப்பாட்டுக்காரரான ராமானுஜன் அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். போர்க்கால இங்கிலாந்தில் காய்கறிக்கும் பழத்துக்கும் தட்டுப்பாடு. வேலை மும்முரத்தில் வேளைக்குச் சாப்பிடாத நாட்களும் உண்டு. குளிர் அதைவிட மோசம். கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், அவற்றின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் கண்டுபிடித்துச் சொல்லித் தந்த பிறகுதான் அது தெரிந்தது.

1917ல் உடம்பு விழுந்தது. காசநோய் என்று கருதி ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். ஊருக்குத் திரும்பலாம் என்றால் போர்க்காலக் கடல் பயணம் ஆபத்து. வீட்டிலிருந்து கடிதங்களும் குறைந்தன. தான் எழுதிய கடிதங்கள் அவரிடம் போய்ச் சேராமல் மாமியார் தடுத்துவிட்டதாக ஜானகி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1919 மார்ச்சில் ராமானுஜன் இந்தியா திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு தர முடிவு செய்திருந்தது. இதைக் கேள்விப்பட்டு அந்த ஜனவரியிலேயே அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் பேசப்படுகிறது. அந்தத் தொகை தன் தேவைக்கு மிக அதிகம். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, தன் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடுங்கள் என்று கேட்டிருந்தார்.

அந்தப் பணத்தை அனுபவிக்க அவருக்கு நாள் இருக்கவில்லை. படுக்கையில் கிடந்தபடி எழுதிய கடைசிக் காலத் தேற்றங்களைக் கணித உலகம் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் ராமானுஜன் இறந்தார். வயது 32.

ஜானகியிடம் யாரும் கேட்கவில்லை

இந்தக் கதையில் எல்லா முடிவுகளிலும் பங்கு இருந்தும் குரல் இல்லாமல் போனவர் ஒருவர் உண்டு. கணவர் இங்கிலாந்து கிளம்பியபோது ஜானகிக்கு 15 வயது நிறையவில்லை. தானும் வருகிறேன் என்று அவர் கேட்டார், நடக்கவில்லை. 1912 முதல் 1914 வரை சென்னையில் ஒன்றரை வருஷம் போல, பிறகு நோயாளியாகத் திரும்பி வந்த கடைசி ஒரு வருஷம். இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலம் இவ்வளவுதான்.

கணவர் இறந்தபோது அவருக்கு 21 வயது. தையல் கற்றுக்கொண்டார். திருவல்லிக்கேணியில் தைத்தும், தையல் சொல்லிக்கொடுத்தும் தன் காலில் நின்றார். ஒரு பிள்ளையையும் எடுத்து வளர்த்தார். 1994ல் மறைந்தார். 74 ஆண்டுகள் தனியாக. பெற்றோருக்கு 60 ரூபாய் என்று எழுதிவைத்த அந்த நல்ல ஏற்பாட்டில் ஜானகிக்கென்று தனியாக எதுவும் இல்லை.

அப்போ, ராமானுஜன் எடுத்த முடிவு சரியா?

இதை ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. 20 ரூபாய் வேலையிலிருந்து 30 ரூபாய் வேலைக்கு, 30லிருந்து 75க்கு, 75லிருந்து 250 பவுண்டுக்கு என்று மூன்று முறை மாறினார். முதல் இரண்டிலும் ஊர் மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை, மனுஷங்க மாறவில்லை. அவை கூட்டல் கழித்தலிலேயே தீரக்கூடிய முடிவுகள். தயங்க வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது அப்படி இல்லை. அங்கே வேலையோடு சேர்ந்து வாழ்க்கையே மாறியது. கேம்பிரிட்ஜ்தான் அவரைக் கொன்றது என்று சொல்வதும் சரியாகாது. அவருக்கு வந்தது காசநோய் அல்ல, இந்தியாவிலேயே தொற்றியிருந்த அமீபா கிருமியால் வந்த கல்லீரல் நோயாக இருக்கலாம் என்று ஆய்வாளர் ஒருவர் 1994ல் வாதிட்டார். சென்னையிலேயே இருந்திருந்தாலும் நோய் வந்திருக்கலாம். ஆனால் பசிக்குச் சோறும், பக்கத்தில் ஆளும் இருந்திருக்கும். போகாமல் இருந்திருந்தால் உலகத்துக்கு அந்தக் கணிதம் இந்த அளவுக்குக் கிடைத்திருக்காது என்பதும் உண்மை.

வேலை மாறும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ராமானுஜன் அளவுக்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை. அவர் செய்ததிலிருந்தும் செய்யாமல் விட்டதிலிருந்தும் இன்றைக்கு வேலை மாற நினைப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு.

ஒன்று, அடுத்த ஆணை எழுத்தில் கைக்கு வரும் வரை இருக்கிற வேலையை விடாதீர்கள். பழைய இடத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு, பாண்ட் ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறோமா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு, தற்காலிகம் என்றாலே பயப்படாதீர்கள், நிரந்தரம் என்றாலே மயங்கவும் வேண்டாம். மொத்தத் தொகையை எழுதி, இப்போதைய செலவால் வகுத்துப் பாருங்கள். வேலை முடிந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்ற எண் கிடைக்கும். ஊர் மாறினால் வாடகையையும் சாப்பாட்டையும் முதலில் கழித்துவிடுங்கள்.

மூன்று, முடிந்தால் மேலதிகாரியிடம் நேராகப் பேசுங்கள். எல்லோருக்கும் ஒரு ஸ்பிரிங் கிடைக்கமாட்டார். ஆனால் சண்டை போடாமல் வெளியே வந்த இடம் பின்னால் எப்போதாவது உதவும்.

நான்கு, வீட்டுக்குப் போக வேண்டிய பணத்துக்கு முதல் மாதத்திலிருந்தே தானாகப் போய்ச் சேரும் வழி செய்யுங்கள். அந்தப் பட்டியலில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐந்து, புது இடத்தில் ஏற்கெனவே வேலை செய்கிற ஒருவரைப் பிடித்து, கடிதத்தில் எழுதாததையெல்லாம் கேளுங்கள். எங்கே சாப்பிடுவது, ராத்திரி ஷிப்ட் முடிந்து எப்படி வீடு திரும்புவது, உடம்புக்கு முடியாமல் போனால் யார் கூட வருவார்கள் என்பதெல்லாம் சின்ன விஷயம் போலத்தான் தெரியும். ராமானுஜனுக்குக் கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்று சொல்லித்தரக்கூட, போய்ச் சேர்ந்த பிறகு ஒருவர் தேவைப்பட்டார்.